கடுகளவு சொட்டு

டிரைவர் காலையிலிருந்தே வேனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். அண்ணி தயாரித்த டீசலை இன்று தன் வேனில் ஊற்றிக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டான். ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயையும் கறிக்கடைக் கொழுப்பையும் கலந்து செய்தது. வேன் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இன்ஜின் அடைத்துக்கொண்டால் பிழைப்பு போச்சு. ஆனால் அண்ணி முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல நா எழவில்லை.

அண்ணியின் ஷெட் வாசலில் அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

"டேய், இனிமே உன் வண்டி போற தெருவுல எல்லாருக்கும் பசியெடுக்கும்டா!"

"எடுத்தா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க," என்றாள் அண்ணி, திரும்பாமலே.

கொழுப்பை உருக்கி, வடிகட்டி, ஈரம் போகக் காய்ச்சி, காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலைச் சேர்த்துக் கலக்கி, அடியில் தங்கிய கிளிசரினை இறக்கி, மூன்று தடவை தண்ணீரில் கழுவி, மறுபடி காயவைத்தாயிற்று. இரண்டு நாள் வேலை. மிச்சம் ஒரே சோதனை. கண்ணாடிக் குழாயில் இருபத்தேழு மில்லி மெத்தனால். அதில் மூன்று மில்லி டீசல். முழுவதும் கரைந்துவிட்டால் தேறியது. சொட்டு அடியில் நின்றால், டீசலாக மாறாத எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது.

அண்ணி குழாயைக் குலுக்கி, கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். டிரைவருக்குத் தெளிந்த தண்ணீராகத்தான் தெரிந்தது.

"சூப்பர் அண்ணி," என்றான்.

அவள் குழாயைச் சாய்த்தாள். அடியில் கடுகளவு ஒன்று உருண்டது.

"ஊத்தாதே தம்பி."

"இத்தனூண்டு சொட்டுக்கா?"

"மூணு மில்லியிலயே இத்தனூண்டு. உன் டேங்க் நாப்பது லிட்டர்."

"அப்போ இன்னிக்கு வெள்ளோட்டம் கிடையாதா?" கூட்டாளிகள் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள்.

அவள் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. டீசல் அத்தனையையும் திரும்ப டிரம்மில் கொட்டி, ஹீட்டரைப் போட்டு, காஸ்டிக் சோடாவைப் புதிதாக நிறுக்க உட்கார்ந்தாள்.

தப்பித்தோம் என்று டிரைவரும் நழுவியிருக்கலாம். கால் நகரவில்லை. எத்தனையோ பங்க்குகளில் டீசல் போட்டிருக்கிறான். ஒருத்தரும் ஒரு நாளும் அவனிடம் 'ஊத்தாதே' என்று சொன்னதில்லை.

"நாளன்னிக்கு டேங்கைக் காலி பண்ணிட்டே வரேன் அண்ணி. முழுசா நிரப்பிடுங்க."

"முதல்ல கரையுதான்னு பார்ப்போம்," என்றாள் அவள், தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "சும்மா நிக்காம அந்த டிரம் மூடியைப் பிடி."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மூடியைப் பிடித்தான்.