மூன்றாம் அழைப்பு

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, பெய்வதா விடுவதா என்று வானம் முடிவெடுக்காமல் நின்ற வேளையில், இறந்து மூன்று வாரம் ஆகியிருந்த லிஃப்ட் மெக்கானிக் நான்காம் மாடி நீதிமன்றத்தில் ஆஜரானார். ஆஜரானார் என்பது அன்றைய நீதிமன்றக் குறிப்பில் உள்ள சொல். அவரை யாரும் பார்க்கவில்லை. டவாலி வழக்கம்போல் தாழ்வாரத்துக்கு வந்து, வழக்கு எண்ணைச் சொல்லி, மெக்கானிக்கின் பெயரை மூன்று முறை கூவி அழைத்தார். மூன்றாவது அழைப்பின் எதிரொலி அடங்குவதற்குள், தாழ்வாரத்தின் கோடியில் நெடுநாளாக ஓடாமல் கிடந்த லிஃப்டின் குழிக்குள்ளிருந்து, "இதோ வரேன்யா, பொறுங்க" என்று பதில் வந்தது. குரலில் சளியும் சலிப்பும் இருந்தன, இரண்டும் அவருடையவைதாம். டவாலி உள்ளே திரும்பி, "வாதி இருக்கார் ஐயா" என்றார். குமாஸ்தா எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகே, அந்த மனிதரின் இறுதி ஊர்வலத்தில் தாமும் நடந்து சென்றது அவருக்கு நினைவு வந்தது. ஆயினும் நீதிமன்றக் குறிப்பில் அடித்தல் திருத்தல் கூடாது என்பதால் அப்படியே விட்டுவிட்டார்.

வழக்கு ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியது. ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் அறுந்து விழுந்து, அதில் ஏறியிருந்த மூன்று விருந்தாளிகளுக்குக் கால் முறிந்தது. நிர்வாகம் மெக்கானிக்கை வேலையிலிருந்து நீக்கி, பணிநீக்க உத்தரவில், 'இவருடைய அலட்சியமே விபத்துக்குக் காரணம்' என்று எழுதியது. மெக்கானிக் சொன்னது வேறு. கம்பிவடம் நைந்திருப்பதை அன்று காலையே கண்டு, மின்சாரத்தை நிறுத்தி, தரைத்தளக் கதவில் 'பழுது' என்ற பலகையை மாட்டிவிட்டு, புதிய வடம் எடுத்துவரப் போனதாகவும், திரும்புவதற்குள் யாரோ பலகையைக் கழற்றி லிஃப்டை ஓட்டிவிட்டதாகவும் மனுவில் எழுதியிருந்தார். அந்த 'யாரோ' கட்டட மேனேஜர்தான் என்பதில் அவருக்கு ஐயமில்லை; ஆனால் கண்ணால் பாராததை எழுதுவது அவருக்கு வழக்கமில்லை. வேலையைத் திரும்பக் கேட்கவில்லை, நஷ்ட ஈடும் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தை அடிக்க வேண்டும் என்பதே மனு. அதற்குக் காரணம் அவருடைய மகள். அவளும் லிஃப்ட் மெக்கானிக். தொழிற்பள்ளியில் முதல் வகுப்பில் தேறியவள். எந்த நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனாலும் கடைசிக் கேள்வி ஒன்றாகவே இருந்தது: "நீங்க அவரோட பொண்ணா?" அதற்கு மேல் கேள்வி வராது, வேலையும் வராது. அவள் தையல் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைத்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் இறப்புச் சான்றிதழுடன் வந்தார். நற்பெயருக்காகத் தொடுத்த வழக்கு, பெயருக்கு உரியவரோடு முடிந்துபோகும் என்பது சட்டம். வாரிசு அதை மேலே நடத்த முடியாது. ஆகவே வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார். அப்போதிருந்த நீதிபதி, ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே மீதமிருந்த, எதற்கும் பதறாத மனிதர்.

"கூப்பிட்டா பதில் சொல்லணும். சொன்னார். நீங்களும் கேட்டீங்க இல்ல?"

"கேட்டேங்கய்யா. ஆனா செத்தவர் எப்படி ஆஜராக முடியும்?"

"ஆஜராகக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டுங்க, தள்ளுபடி பண்ணிடறேன்."

வக்கீல் அதைக் காட்டுவதற்கு வாய்தா கேட்டார். கிடைத்தது. அடுத்த வாய்தாவிலும் கேட்டார். இறந்தவர் சாட்சி சொல்லக் கூடாது, சொத்து வாங்கக் கூடாது, வாக்களிக்கக் கூடாது என்றெல்லாம் எழுதிவைத்த முன்னோர், பெயர் சொல்லி அழைத்தால் பதில் தரக் கூடாது என்று மட்டும் எங்கும் எழுதாமல் போயிருந்தார்கள். இப்படி ஓர் ஆள் கிளம்புவார் என்று அவர்களுக்குத் தோன்றியிராது.

பிறகு வக்கீல், லிஃப்ட் குழியில் யாரோ ஒளிந்துகொண்டு குரல் கொடுப்பதாக மனுப் போட்டார். அந்த லிஃப்ட் ஓடாததற்கும் ஒரு வரலாறு உண்டு. அதை விற்ற நிறுவனமும் கட்டடப் பராமரிப்புத் துறையும் அதைப் பற்றியே அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வழக்காடிக்கொண்டிருந்தன. தீர்ப்பு வரும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்று தடை இருந்தது. ஆகவே எல்லா மாடிகளிலும் 'பழுது' என்ற பலகை தொங்க, நீதி கேட்டு வந்தவர்களும் நீதி வழங்க வந்தவர்களும் படியேறினார்கள். தடையை ஒரு நாளைக்குத் தளர்த்தி, ஆறு பேர் கொண்ட குழு குழிக்குள் இறங்கித் தேடியது. ஒரு புறாக்கூடு, ஒற்றைச் செருப்பு, முனை மடங்கிய குடை, காற்றில் பறந்து விழுந்த சம்மன்கள் சில ஆகியவை கிடைத்தன. மனிதர் எவரும் இல்லை. அவர்கள் குழிக்குள் இருக்கும்போதே மேலே வழக்கு அழைக்கப்பட்டது. பதில் அவர்களின் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் எழுந்தது. ஆறு பேரும் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஒருவர் மட்டும், குரல் வந்தபோது கிரீஸ் வாடை அடித்ததாகத் தனியே குறிப்பெழுதினார்.

நான்கு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. பதறாத நீதிபதி ஓய்வு பெற்றார். அடுத்தவர் வந்து, கோப்பின் முதல் தாளான இறப்புச் சான்றிதழைப் படித்து, தலையைச் சொறிந்து, மாற்றலாகிப் போனார். மற்ற நீதிமன்றங்களுக்கு வந்தவர்கள் மூன்றாம் அழைப்பு நேரத்துக்குத் தாழ்வாரத்தில் கூடி, பதிலைக் கேட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார்கள். முதல் மாடியில் பாகப்பிரிவினை வழக்கு நடத்திய ஒரு விதவை, தம் கணவரின் பெயரையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கும்படி டவாலியிடம் கெஞ்சினார். டவாலி மூன்று முறை அழைத்தார், பதில் இல்லை. விதியை மீறி நான்காவது முறையும் அழைத்தார். "அவருக்குன்னு வழக்கு எதுவும் இல்லையேம்மா, அதனாலதான் இருக்கும்" என்று சமாதானம் சொன்னார். அந்த அம்மாள் "இருந்தப்பவே கூப்பிட்டா வரமாட்டார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மகள் ஒரு வாய்தாவும் தவறவில்லை. அழைப்பு முடிந்ததும் குழியின் மூடிய கதவருகே போய், இடுக்கில் வாயை வைத்து, "அப்பா, அடுத்தது இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை. மறந்துடாதீங்க" என்பாள். அதற்கு ஒருநாளும் பதில் வந்ததில்லை. ஆரம்பத்தில், "வீட்டுக்கு வரீங்களாப்பா?" என்றும் கேட்டிருக்கிறாள். அதற்கும் வரவில்லை. நீதிமன்றம் அழைத்தால் அன்றி வாய் திறப்பதில்லை என்று அவர் முடிவு செய்திருந்ததாகத் தெரிகிறது. உயிரோடு இருந்தபோதும் வேலை நேரத்தில் வீட்டுப் பேச்சு பேசாதவர் என்பதால், மகள் அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் ஆண்டில் டவாலியும் ஓய்வு பெற்றார். அதே வாரம் மூன்றாவது நீதிபதி பொறுப்பேற்றார்: ஐம்பது வயதுப் பெண்மணி, இரண்டு முழங்காலிலும் வலி, எதையும் முதல் பக்கத்தோடு விடாத சுபாவம். புதிய டவாலி பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவியவர்போல மெக்கானிக்கின் பெயரை ஒரே மூச்சில் மூன்று முறை பொரிந்து தள்ளினார். குழி பேசாமல் இருந்தது. தாழ்வாரத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் தேடியது காதில் வந்து விழுந்த மகிழ்ச்சியில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "மூணு தடவை கூப்பிட்டாச்சு, பதில் இல்ல. வழக்கு முடிஞ்சுதுங்கம்மா."

மகள் டவாலியின் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திக் கூப்பிடுங்கண்ணே. அப்பாவுக்குக் காது மந்தம். காலம் பூரா மோட்டார் ரூம்லயே இருந்த காது."

"செத்தவருக்குக் காது மந்தமா?"

"செத்தா காது சரியாப் போயிடும்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

தாழ்வாரத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "மூணு தடவைன்னா மூணு தடவை கூப்பிடணும். நீங்க கூப்பிட்டது ஒரே தடவைதான், நீளமா. திரும்பக் கூப்பிடுங்க" என்றார். டவாலி தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் அழைப்புக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு ஒரு புறா சிறகடித்தது. மகள் கதவின் இரும்பில் உள்ளங்கையைப் பதித்திருந்தாள். மூன்றாவதற்கு, "இதோ வரேன்யா, பொறுங்க. எதுக்கு இப்படிக் கத்தறீங்க?" என்று வந்தது. மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, வாதி இருக்கார்" என்ற நீதிபதி, நான்கு ஆண்டுகளாக அந்த மன்றத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: "வழக்கு எதைப் பத்தி?" இரு தரப்பு வக்கீல்களும் கோப்பைப் புரட்டத் தொடங்கினார்கள். வாதி உயிரோடு இருக்கிறாரா என்ற ஆராய்ச்சியில், அவர் எதற்காக வந்தார் என்பது கோப்பின் அடியில் போயிருந்தது. நீதிபதி கோப்பை வீட்டுக்கு எடுத்துச் சென்று கடைசித் தாள் வரை படித்தார். மேனேஜரின் வாக்குமூலத்தில், விருந்தாளிகளை லிஃப்டில் ஏற்றி அனுப்பியதாகவும், தாம் மூன்றாம் மாடிப் படியில் இருந்தபோது சத்தம் கேட்டதாகவும் இருந்தது. நாள்தோறும் நான்கு மாடி ஏறும் முழங்கால்களுக்கு அந்த வரி உறுத்தியது.

அடுத்த வாய்தாவில் மேனேஜர் கூண்டில் ஏறினார். ஓய்வுபெற்று, பருத்து, மூச்சு வாங்க நின்றார். நீதிபதி அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"நாலு மாடி ஏறிட்டீங்க. ஏன், லிஃப்ட்ல வர வேண்டியதுதானே?"

"பழுதுன்னு போர்டு தொங்குதுங்களேம்மா."

"அன்னைக்கு உங்க கட்டடத்துல போர்டு தொங்கிச்சா?"

"இல்லவே இல்லங்கம்மா. அதைத்தான் அப்பவே எழுதிக் குடுத்தேன்."

"அந்த லிஃப்ட் எத்தனை பேருக்கு?"

"எட்டுப் பேருக்குங்க."

"விருந்தாளிங்க மூணு பேர். அவங்களக் கூட்டிட்டுப் போக வேண்டியவர் நீங்க. நீங்க மட்டும் ஏன் படியில ஏறினீங்க?"

எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார், எதை ஆட்சேபிப்பது என்று புலப்படாமல் நின்றார், உட்கார்ந்தார். மேனேஜர் தண்ணீரைக் குடித்து முடித்தார். காலியான குவளையையும் ஒரு தடவை வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஒரு தடவை தாங்கும்னு நெனச்சேங்கம்மா" என்றார். "பெரிய இடத்து ஆளுங்க. படி ஏறுங்கன்னு சொல்ல வாய் வரல."

"ஒரு தடவை தாங்கும்னா, நீங்களும் ஏறியிருக்கலாமே?"

"எனக்குப் பயமா இருந்துச்சு."

அப்போது, யாரும் அழைக்காமலேயே, லிஃப்ட் குழியிலிருந்து ஓர் ஓசை வந்தது: ஸ்பேனரைக் கீழே வைப்பது போன்ற ஓசை. அதை எந்தத் தலைப்பில் பதிவது என்று தெரியாமல் குமாஸ்தா 'ஓசை' என்றே எழுதினார். மகள் எழுந்து வெளியே போய், முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினாள்.

தீர்ப்பு ஜூன் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, நல்ல மழையில் வந்தது. பலகை மாட்டப்பட்டிருந்தது, கழற்றியவர் மேனேஜர், அந்த வாக்கியம் பணிநீக்க உத்தரவிலிருந்து அடிக்கப்படுகிறது என்று ஒன்றரைப் பக்கத்தில் எழுதி நீதிபதி கையெழுத்திட்டார். நகல் ஒன்று உடனேயே மகளின் கைப்பையில் சேர்ந்தது. கையெழுத்திட்ட மூலப்பிரதியை வாதியிடமே தந்து ரசீது பெற வேண்டும் என்பது விதி. மகளிடம் தரலாமா என்று குமாஸ்தா கேட்டார். கேள்வி நியாயமானதே, ஆனால் நீதிமன்றக் குறிப்பின்படி வாதி எல்லா வாய்தாக்களிலும் தவறாமல் ஆஜரானவர். உயிரோடு இருப்பவருக்கு வாரிசு கிடையாது. வேண்டிய எல்லாக் குறிப்புகளும் குமாஸ்தாவின் கையெழுத்திலேயே இருந்தபடியால் அவரால் மறுத்துப் பேச முடியவில்லை. வேறு வழியின்றி, லிஃப்டின் மேலிருந்த தடையை இன்னொரு முறை தளர்த்திவிட்டு, எல்லோரும் தாழ்வாரத்தின் கோடிக்குப் போனார்கள். மகள் பையிலிருந்து லிஃப்ட் கதவுகளைத் திறக்கும் முக்கோணச் சாவியை எடுத்து, கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தி, கதவைத் திறந்தாள். குழிக்குள் இருட்டாக இருந்தது. கிரீஸ் வாடை வந்தது.

டவாலி பெயரை அழைத்தார். முதல் அழைப்புக்கே, "இருக்கேன்யா" என்று மிக அருகில் பதில் வந்தது. பழக்கத்தில் இரண்டாவது முறைக்கு வாய் திறந்தவர், மூடிக்கொண்டார்.

"சார், கம்பியப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. எட்டிப் பாக்காதீங்க" என்றாள் மகள். குமாஸ்தா ஒரு கையால் கம்பியைப் பற்றி, மறு கையால் ரசீதையும் பேனாவையும் இருட்டுக்குள் நீட்டினார். இரண்டும் கையிலிருந்து நழுவி, சற்று நேரம் கழித்துத் திரும்ப வந்தன. கையெழுத்தின் ஓரத்தில் பெருவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை இருந்தது. குமாஸ்தா கடமையில் வழுவாதவர். அதை மனுவில் இருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு தீர்ப்பை எடுத்து நீட்டினார்.

"அப்பா, கையத் துடைச்சுட்டு வாங்குங்கப்பா" என்றாள் மகள்.

உள்ளே துணி உரசும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை காத்திருந்து, குமாஸ்தா தீர்ப்பின் பிடியை விட்டார். தாள் கீழே விழவில்லை.