முப்பதாம் தேதி வரை நன்றாக ஓடிய லிஃப்ட்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அதே கட்டடத்தில் ரிசப்ஷன் மேஜை என்னுடையது. இருபத்தோராம் தேதி காலையில் முதலாளி நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே நாற்பது நிமிடம் தொங்கினார். மதியத்துக்குள் இங்கிலீஷில் அறிக்கை வேண்டும். தப்பு மெக்கானிக் மேல் என்றால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

“நிக்கிறதுக்கு முன்னாடி லிஃப்ட் என்ன பண்ணிட்டு இருந்துச்சு?” என்று அவரிடம் கேட்டேன்.

“நல்லா ஓடிட்டு இருந்துச்சு. இருபது நாளா.”

நின்றது நடந்து முடிந்த கதை. அதற்கும் முன்னால் விடாமல் நடந்துகொண்டிருந்தது ஓட்டம். அதற்கு ‘ஹேட் பீன்’ போட்டு, வினையின் வாலில் ‘இங்’ ஒட்டி, ‘ஃபார்’ சேர்த்து எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். ‘தி லிஃப்ட் ஹேட் பீன் ரன்னிங் வெல் ஃபார் ட்வென்ட்டி டேஸ்.’ நான் சொல்லிக்கொடுக்க, ஒன்பது காகிதம் கசக்கி அவர் எழுதி முடித்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

மேனேஜர் ஆதாரம் கேட்டார். என் வீட்டுக்காரர் பெருமையாகப் பரிசோதனை நோட்டை நீட்டினார். தேதிக்கு மூன்று கட்டம், முதல் கட்டத்தில் இவர் டிக்.

“இன்னிக்கு இருபத்தொண்ணு. முப்பது வரைக்கும் நல்லா ஓடியிருக்கே?”

“மூணு வருஷமா ஒண்ணாந்தேதியே மொத்தமா போட்டுடுவேன் சார். தினமும் கிரீஸ் கையோட போட்டா நோட்டு அழுக்காயிடும்.”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் பக்கத்துக் கட்டத்தில் பச்சை மையைப் பார்த்தேன்.

“சார், இது உங்க கையெழுத்துதானே? இதுவும் முப்பது வரைக்கும் இருக்கு.”

ஏசி அறையில் மேனேஜருக்கு வியர்த்தது. “நீயே எழுதும்மா,” என்றார்.

எழுதினேன். ‘லிஃப்ட் நின்றபோது வீ ஹேட் பீன் சைனிங் வித்தவுட் லுக்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று, பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலுமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. முழு இங்கிலீஷில் அதை முதலாளியிடம் நான்தான் கொண்டுபோனேன். இரண்டு ஆம்பளைகளும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

படித்தார். முகம் சிவந்தது.

“மூணு வருஷமா பார்க்காமலே கையெழுத்தா? இந்த ‘வீ’யில யார் யாரு?”

நோட்டை அவர் பக்கம் திருப்பி, மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தேன். முப்பதாம் தேதி வரை, நல்ல நீல மையில் அவர் கையெழுத்து.

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

“இங்கிலீஷ் நல்லா இருக்கும்மா. உன் வீட்டுக்காரர வேலையப் பார்க்கச் சொல்லு,” என்றார்.

பிறகு எழுந்து, படிக்கட்டு வழியாக இறங்கிப் போனார்.