கடைசிப் பிள்ளைக்கு நாற்பத்தெட்டு

2024 நவம்பர் 12, செவ்வாய்.
இன்றைய பிழை: பிள்ளைகளின் புள்ளி அட்டவணையை அவர்களுடைய வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவதற்குப் பதிலாகப் பெற்றோரின் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். வகுப்பு இடைவேளையில் கோப்பி வரிசையில் நின்றபடி அனுப்பியது. ஏழு நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன். உடனே அழித்தேன். அதற்குள் ஒன்பது பேர் பார்த்துவிட்டார்கள். சிறிய பிழை என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

சுலக்சனா அந்தக் கடைசி வரியை வெட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையே கீழே மறுபடி எழுதினாள்.

பகலில் மருந்துக்கடையில் வேலை, செவ்வாயும் வியாழனும் மாலையில் விளையாட்டுப் பயிற்றுநர் வகுப்பு, புதனும் சனியும் ஸ்காபுறோவில் கிழக்கொளிக் கழகத்தின் பதின்மூன்று வயதுக்குட்பட்ட உதைபந்தாட்டக் குழு. இருபத்துமூன்று வயதில் அவளுடைய கிழமை இப்படிக் கட்டம் கட்டமாக நிரம்பியிருந்தது. வகுப்பில் நாட்குறிப்பு கட்டாயம். அன்றைய பிழை ஒன்று, அடுத்த நாள் வேலை ஒன்று. எந்த மொழியிலும் எழுதலாம். ஆசிரியை வாசிக்க மாட்டார், பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்ப்பார். ஆங்கிலத்தில் எழுதினால் பிழையும் பாடம்போல அழகாகிவிடுகிறது என்று சுலக்சனா தமிழில் எழுதி வந்தாள்.

அட்டவணைக்குக் காரணம் பிள்ளைகள்தான். அவர்கள் எல்லோரும் வீட்டில் விளையாடும் உதைபந்தாட்ட வீடியோ கேமில் உலகத்து வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. புதிதாக ஆளை உருவாக்கி எண் கொடுக்கவும் அதில் வழி இருக்கிறது. "எங்களையும் கேமுக்குள்ள போடுங்கோ அக்கா" என்று பன்னிரண்டு பேரும் நச்சரித்து அவளை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். வேறு யாரும் என்றால் எல்லோருக்கும் தொண்ணூறு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சுலக்சனாவால் அது முடியாது. போன ஆட்டங்களின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். வேகம், உதை, பாஸ், பந்துக் கட்டுப்பாடு, தடுப்பு, உடல்பலம் என்று ஆறு நிரல் போட்டாள். கேமில், சம்பளத்துக்கு விளையாடும் சாதாரண வீரனுக்கே அறுபத்தைந்துதான். ஆகவே முன்வரிசையில் விளையாடும் லக்ஷனுக்கு அறுபத்துநான்கு, எல்லோரிலும் கூட. கோல் காப்பாளர் ஸ்டெபனிக்கு நாற்பத்தெட்டு, எல்லோரிலும் குறைவு. பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் பார்த்தது பெற்றோர்.

புதன்கிழமை பயிற்சிக்கு லக்ஷனின் தகப்பன் சிவரூபன் ஒரு பெட்டி ரோல்ஸோடு வந்து இறங்கினார்.

"என்ன அண்ணை, விசேஷமோ?"

"மகன் லிஸ்ற்றில முதலாம் பிள்ளையெல்லே! வெறுங்கையோட வரேலுமோ?" பெட்டியைப் பிள்ளைகள் உட்காரும் நீள வாங்கில் வைத்துவிட்டு அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, அறுபத்துநாலு. இன்னும் ஒரு புள்ளி போட்டா ஊர்ச் சோதினைப்படி பி. ஒரேயொரு புள்ளி. ஊரில நான் கணக்கில அறுபத்துநாலு எடுத்து சி வந்தவன். அந்த வயித்தெரிச்சல் இண்டைக்கும் கிடக்கு."

"இது சோதினை இல்லை அண்ணை. கேமில சம்பளத்துக்கு விளையாடுறவனுக்கே அறுபத்தஞ்சுதான்."

"அப்ப கிட்டத்தான் நிக்கிறான்!"

இரண்டு தாய்மார் வந்து பாஸ் மார்க் எத்தனை என்று கேட்டார்கள். ஒருவர் மீள்திருத்தத்துக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்றார். சுலக்சனா ஒவ்வொருவருக்கும் சிரித்துச் சமாளித்தாள். சிரிக்க முடியாமல் போனது அன்புராசா காரை விட்டு இறங்கியபோதுதான்.

அன்புராசா ஸ்டெபனியின் தகப்பன். மன்னார்க்காரர். அஜக்ஸ் நகரிலிருந்து மகளைக் கூட்டி வந்து, பயிற்சி முடியும் வரை காருக்குள்ளேயே இருப்பவர். ஒரு நாளும் மைதானக் கோட்டுப் பக்கம் வந்ததில்லை.

"பிள்ளை, லிஸ்ற்றில கடைசியா நிக்கிறது என்ர மகளோ?"

"கடைசி எண்டு இல்லை அங்கிள், அது சும்மா ஒரு..."

"புள்ளி வரிசையிலதான் போட்டிருக்கு. நாப்பத்தெட்டு. ஊர்ச் சோதினையில எண்டா எஸ், அரும்பொட்டில பாஸ்." குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. "நான் சண்டைக்கு வரேல்லை. பிள்ளை குறைவா எடுத்தா வீட்டில சொல்லிக் குடுக்கவேணும். அது எங்கட வேலை. எந்தப் பாடம் குறைவு எண்டு மட்டும் சொல்லு."

சுலக்சனா கையிலிருந்த கைபேசியில் அந்த வரிசையைப் பார்த்து, கண்ணில் பட்ட மிகக் குறைந்த இரண்டையும் அப்படியே வாசித்தாள். "உதை. பிறகு... வேகம்."

அவர் இரண்டையும் தன் கைபேசியில் எழுதிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் அவளுக்கு ஏதோ இடித்தது. கேமின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். கோல் காப்பாளருக்கு அங்கே நிரல்களே வேறு. பாய்ச்சல், பிடி, எந்த இடத்தில் நிற்பது என்று எல்லாமே வேறு. உதையும் ஓட்டமும் வைத்து ஒரு கோல் காப்பாளரை அளப்பது, மீனை மரம் ஏறச் சொல்லிப் புள்ளி போடுவது போல. சுலக்சனா மடியில் கொப்பியை வைத்து மறுபடி கணக்குப் போட்டாள். அறுபத்தாறு வந்தது. இரண்டாம் முறையும் அறுபத்தாறு.

அப்படியென்றால் ஸ்டெபனிதான் முதலாவது. லக்ஷன் இரண்டாவது. ரோல்ஸ் எல்லோரும் சாப்பிட்டாயிற்று.

இப்போது போய்ப் பிழை என்று சொன்னால் பன்னிரண்டு வீட்டிலும் மீள்திருத்தம் கேட்பார்கள். சனிக்கிழமை அரையிறுதி. அது முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லலாம். அவள் அன்றைய பிழையாக நாட்குறிப்பில் எழுதியது, இரண்டு பந்துக்குக் காற்றடிக்க மறந்ததை.

வியாழக்கிழமை வகுப்பு இடைவேளையில் அன்புராசா அழைத்தார்.

"பிள்ளை, கராஜைத் துப்பரவாக்கிப்போட்டன். நேற்றே துவங்கியாச்சு. ஒரு மணித்தியாலம் உதை, அரை மணித்தியாலம் ஓட்டம். நான் அடிக்கிறன், அவள் மறிச்சுத் திருப்பி அடிக்கிறாள். காணும், போதும் எண்டாலும் விடுறாள் இல்லை."

பின்னால் கராஜ் கதவில் பந்து மோதும் சத்தம் கேட்டது. இடைவெளி விட்டு, மறுபடியும்.

"அங்கிள், ஒரு விசயம்..."

"சொல்லு பிள்ளை."

கோப்பி வரிசையில் பின்னால் நின்றவர் முன்னால் நகரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"சனிக்கிழமை ஒன்பதரைக்கே வந்திடுங்கோ."

"ஓம் ஓம்" என்று அவர் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை உள்ளரங்கில் எதிரணி பிறம்ரனிலிருந்து வந்திருந்தது. ஸ்டெபனி காரிலிருந்து இறங்கும்போதே கையுறை போட்டிருந்தாள். ஆட்டம் தொடங்கி மூன்றாம் நிமிடத்தில் அவள் பந்தைப் பிடிக்காமல் காலால் மறித்து, அதைத் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரை ஓடினாள். அங்கே பந்து பறிபோனது. வெறும் கோலுக்குள் பிறம்ரன்காரர் உருட்டிவிட்டார்கள்.

"உவளுக்கு என்ன நடந்தது? கோலுக்க நில்லம்மா!" என்று சிவரூபன் கத்தினார்.

"அடி மகள், அடி! நல்லா வருது!" என்றார் அன்புராசா. முதல் தடவையாக அவர் கோட்டருகே நின்றார்.

அந்தப் பிள்ளை உதையையும் வேகத்தையும் கூட்டப் பார்க்கிறாள் என்பது அங்கே தகப்பனைவிட்டால் சுலக்சனா ஒருத்திக்குத்தான் விளங்கியது.

லக்ஷன் ஒன்றைத் திருப்பி அடித்தான். பிறகு அணிக்கொன்று. இரண்டுக்கு இரண்டு. இரண்டாம் பாதியில்தான் சுலக்சனா மற்றதைக் கவனித்தாள். வலப்பக்கம் வந்த பந்தையும் ஸ்டெபனி இடக்கையாலேயே தள்ளினாள். பிடிக்க வேண்டியதை நெஞ்சில் வாங்கினாள். தண்ணீர்ப் போத்தலைப் பல்லால் திறந்தாள்.

ஐந்து நிமிடம் இருக்கும்போது கிழக்கொளிப் பிள்ளை ஒருவனின் கையில் பந்து பட்டது. நடுவர் தண்ட உதை அடிக்கும் இடத்தைக் காட்டினார். இரைச்சல் இரட்டிப்பாக எழும்பியது.

சுலக்சனா நடுவரிடம் கையைக் காட்டிவிட்டுக் கோலுக்குப் போனாள்.

"கையுறையைக் கழட்டு."

"ஐ ஆம் ஃபைன் அக்கா."

"ஸ்டெபனி, கழட்டு."

"இதைப் பிடிச்சா எத்தினை கூடும்?"

"எது?"

"என்ர நம்பர். பெனல்ற்றி பிடிச்சா அஞ்சு கூடும் எண்டு அப்பா சொன்னவர். ட்ரூவோ?"

பன்னிரண்டு வயது முகம். வியர்வையில் முன்மயிர் நெற்றியோடு ஒட்டியிருந்தது. பின்னால் சிவரூபனின் குரல்: "தங்கச்சி, ஆளை மாத்தாதேங்கோ! லக்ஷனை மட்டும் கோலுக்க விட்டிடாதேங்கோ, அவன்ர புள்ளி..." அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உன்ர நம்பர் பிழை, ஸ்டெபனி" என்றாள் சுலக்சனா. "கோலுக்க நிக்கிற ஆளுக்கு வேற கணக்கு. நான் மாறிப் போட்டிட்டன்."

ஸ்டெபனி அவளையே பார்த்தாள். "எப்ப தெரியும்?"

பொய் சொல்ல ஒரு விநாடி இருந்தது. "புதன்கிழமை."

"எனக்குக் கை அடிபட்டது தேர்ஸ்டே."

சொல்லிவிட்டு அவள் தானாகவே கையுறையை இழுத்தாள். வரவில்லை. சுலக்சனா விரல் விரலாகக் கழற்றினாள். உள்ளே மணிக்கட்டில் கராஜில் கிடக்கிற, வயருக்குப் போடும் கறுப்பு ஒட்டுநாடா இறுக்கிச் சுற்றியிருந்தது. அதற்கு மேலும் கீழும் கை நீலம் பாரித்து வீங்கியிருந்தது.

"மாற்றமா, இல்லையா?" என்று நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

கோட்டருகிலிருந்து அன்புராசா கத்தினார்: "என்ன கதை அங்க? நில் மகள்! நீ மறிப்பாய்!"

"மாற்றம்" என்றாள் சுலக்சனா.

லக்ஷன் கேட்காமலே ஓடி வந்து கையுறையை வாங்கினான். "நான் நிக்கிறன் அக்கா. கத்துறவர் கத்தட்டும்." கையுறை அவனுக்குப் பெரிது.

பந்து வலைக்குள் போனதை சுலக்சனா பார்க்கவில்லை. வாங்கில் ஸ்டெபனியின் கைக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது பிறம்ரன்காரர் போட்ட கூச்சலில் தெரிந்துகொண்டாள். மூன்றுக்கு இரண்டு. அப்படியே முடிந்தது.

அன்புராசா கோட்டைத் தாண்டி வந்தார். எதையோ சொல்லப் போகிற வேகத்தில் வந்தவர், கையைப் பார்த்ததும் நின்றார்.

"இது எப்ப?"

"தேர்ஸ்டே. நீங்கள் அடிச்ச ஒரு பந்து."

"ஏனம்மா சொல்லேல்லை?"

"சொன்னா நிப்பாட்டுவியள். நிப்பாட்டினா நாப்பத்தெட்டுத்தானே."

அவர் மகளின் முன்னால் முழங்காலில் இருந்தார். பெரிய கைகள், அந்தச் சின்னக் கையை எங்கே தொடுவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன. சுலக்சனா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நிரல், கணக்கு, புதன்கிழமை பஸ், வியாழக்கிழமை அவர் அழைத்தபோது சொல்லாமல் விட்டது. ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப சரியான புள்ளி எத்தினை?" என்றார் கடைசியில்.

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவருக்கே உறைத்தது போலும். முகம் மாறியது. சுலக்சனாவுக்கு அறுபத்தாறு என்பது நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் எல்லாம் கொஞ்சம் இலேசாகும், அவளுக்கும் அவருக்கும்.

"சொல்லமாட்டன் அங்கிள். இனி ஆருக்கும் புள்ளி இல்லை."

அவர் ஜக்கெற்றைக் கழற்றி மகளின் தோளில் போட்டு, நல்ல கைப் பக்கம் பிடித்து நடத்திக்கொண்டு போனார். ஸ்டெபனி திரும்பிப் பார்க்கவில்லை. கார்க் கதவு சாத்திய பிறகும் பார்க்கவில்லை.

பின்னேரம் நான்கு மணிக்கு ஸ்டெபனியின் தாய் செலீனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. மணிக்கட்டில் மெல்லிய வெடிப்பு, ஆறு வாரம் கட்டுப் போட வேண்டும். வேறு ஒரு சொல்லும் இல்லை. சுலக்சனா மூன்று தடவை பதில் எழுதி மூன்று தடவை அழித்தாள். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தாள்.

2024 நவம்பர் 16, சனி.
இன்றைய பிழை: இன்றையது அல்ல, புதன்கிழமையினது. தெரிந்த பிழையை மூன்று நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். அதற்குள் ஒரு பிள்ளையின் கை உடைந்தது. இன்று அரங்கில் எல்லாவற்றையும் விளக்கினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அதை இப்போதுதான் கவனிக்கிறேன்.
நாளைய வேலை: அவர்கள் தேவாலயத்தில் ஞாயிற்றுப் பூசை முடிந்து வீட்டுக்கு வரப் பன்னிரண்டாகும். பதினொன்றரை ரெயினில் அஜக்ஸ் போவது. ஸ்டெபனியிடம், தாய் தகப்பன் இருவருக்கும் முன்னால், மன்னிப்புக் கேட்பது.