சவாரிக்குப் போன எண்ணம்

1938ஆம் ஆண்டு மாட்டுப்பொங்கலன்று உடுப்பிட்டியிலிருந்த நோய்களெல்லாம் ஆட்களை விட்டிறங்கி மாட்டுவண்டிச் சவாரி பார்க்கப் போயின. குளிர்காய்ச்சல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் கச்சான் கொறித்தது. முழங்கால் வாதம் வேலியில் சாய்ந்து, இருக்க ஒரு வாங்கு போடவில்லையே என்று குறைப்பட்டது. பிடிக்க ஒரு நாடியும் வராததால் பரியாரி கதிரவேலுவும் மருந்துப் பெட்டியைப் பூட்டிவிட்டுத் திடலுக்கு நடந்தார்.

புகையிலைத் தோட்டக்காரர் சண்முகநாதன் அன்று காலை, "சம்பல் இன்னுங் கொஞ்சம் கிடக்கோ?" என்று கேட்டார். செத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் இரண்டு வருடமாக அவருக்குள் குடியிருந்தது; அந்த நாளெல்லாம் அவர் எதையும் கேட்டுச் சாப்பிட்டதில்லை. மனைவி பூரணம் அவரைத் தனியே விட்டுக் கோயிலுக்குக்கூடப் போனதில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவருடைய பழைய சால்வையைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணம் படலையைத் திறந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. சம்பல் சட்டியை அப்படியே அவர் முன்னால் வைத்து, பக்கத்து வீட்டு நல்லம்மாவைக் காவலுக்கு இருத்திவிட்டு, அதன் பின்னால் போனாள்.

முதற் சோடி மாடுகள் ஓடியபோது எண்ணம் தலை குனிந்தே நின்றது. மூன்றாம் சோடிக்குச் சால்வையைச் சுழற்றி "விடாதை! விடாதை!" என்று கத்தியது. நடுவர் சிவசுப்பிரமணியம் வெள்ளைச் சோடிக்குக் கொடி காட்டியதும் வேலியால் பாய்ந்து, சிவலைச் சோடிதான் ஒரு மூக்கு முந்தியது என்று சண்டைக்குப் போனது.

"உது ஆர்?" என்றார் நடுவர்.

"எங்கடை வீட்டிலை இருக்கிறதுதான், அண்ணை," என்றாள் பூரணம். "நல்ல கூர்மையான கண். கொடியை உதின்ரை கையிலை குடுங்கோவன்."

எண்ணம் தயங்கியது. "நான் வீட்டை போகவேணும். அங்கை அவர் தனிய."

"ரெண்டு வருசமா இருந்தனீர், ஒரு வாளி தண்ணி அள்ளித் தந்தனீரோ? அவரோடை நான் இருக்கிறன். நீர் கொடியைப் பிடியும்."

அது பிடித்தது.

பொழுதுபட நோய்கள் வீடு திரும்பின. வாதம் மட்டும் வழிமாறிப் பரியாரியின் முழங்காலுக்குள் புகுந்தது. தன் எண்ணெய் எவ்வளவு நாறும் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். எண்ணம் திரும்பவில்லை; கொடி காட்ட அதற்கு ஊரூராக அழைப்பு வந்தது. பெயர் சொல்லத் தெரியாததால் சவாரிக் குழுவினர் அதை உடுப்பிட்டியார் என்று எழுதிக்கொண்டார்கள். சண்முகநாதன் நான்கு போகம் புகையிலை நட்டார். கொஞ்சம் தொந்தியும் வைத்தது.

1942 மார்கழியில் வெள்ளம் திடல்களை மூடியது. ஒரு மாதம் சவாரி இல்லை. ஒருநாள் பின்னேரம் எண்ணம் நனைந்துகொண்டு படலையடியில் வந்து நின்றது. பூரணம் படலைக் கொக்கியைக் கொழுவ எழுந்தாள். அவள் முற்றத்தில் இறங்குவதற்குள் சண்முகநாதன் போய், "எங்கையோ கண்ட முகமாக் கிடக்கு, உள்ளை வாங்கோ," என்று கூட்டிவந்துவிட்டார். இருவரும் சிவலையா வெள்ளையா என்று தொடங்கினார்கள். மூன்று நாள் மழை. மூன்று நாளும் அதே வழக்கு. பூரணம் இருவருக்கும் நடுவில் இருந்து தேத்தண்ணி ஊற்றினாள். நான்காம் நாள் வெயில் எறித்தது. கைதடியில் சவாரி என்று சொல்லி எண்ணம் எழுந்து போனது.

"நல்ல மனுசன்," என்றார் சண்முகநாதன். "ஆனா மாட்டைப் பற்றி ஒரு இழவும் தெரியாது."

"ஓம்," என்று பூரணம் படலையைக் கொழுவினாள்.