தாட்சாயிணிக்காகப் பாலை நிறுத்திய ஊர்

1989ஆம் வருஷம், கிரேக்க நாட்டில் தெசலோனிக்கி என்ற துறைமுகப் பட்டணத்தில் பத்து லட்சம் பேர் நாற்பத்தெட்டு நாள் பால் குடிக்கவில்லை, தயிர் தொடவில்லை, கறி தின்னவில்லை, ஒரு முட்டையைக்கூட உடைக்கவில்லை. எல்லாம் கோவில்பதாகையில் பிறந்து நெமிலிச்சேரியில் வாழ்க்கைப்பட்ட என் மனைவி தாட்சாயிணிக்காக. எடுக்க ஆளில்லாமல் முட்டைகள் குவிந்து கோழிகளுக்கு நிற்க இடமில்லை. மாடுகள் மடி கனத்துக் கடற்கரையில் வரிசையாக நின்று கத்தியதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். ஆனால் ஒரே ஒருத்தர் நம்பாதது ஏழு வருஷம் என்னை அரித்தது. தாட்சாயிணியின் அண்ணன் கோதண்டம். எருமை வைத்து ஆவடி குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறவர்.

அவர் நம்பாததற்குக் காரணம் நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தேன். ஒரு போல்ட்டு முடுக்கிவிட்டு வந்தால் கப்பலையே தூக்கி நிறுத்தியதாகத்தான் வீட்டில் சொல்வேன். தாட்சாயிணி சிரிக்காமல் கேட்பாள். பிறகு, "பாதியில பாதி எடுத்துக்கறேன், அதுவே எனக்கு ஜாஸ்தி" என்பாள். என் கதைக்கு என்ன விலை போடுவது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்குக் கிட்னி இரண்டும் சுருங்க ஆரம்பித்தன. முகம் வீங்கி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கியது. கோதண்டம் என்னைத் திருவேற்காட்டுக்கு அழைத்துப் போனார். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, நாற்பத்தெட்டாம் நாள் பால்குடம் எடுப்பதாக அம்மனிடம் சொல்லவைத்தார். அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. பால்குடம் நேர்ந்துகொண்டவன் அதை ஊற்றும்வரை கறி, மீன் என்று கவிச்சி எதையும் தொடக்கூடாது, பாலும் தொடக்கூடாது. தயிர், மோர், நெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்துத்தான். அத்தனை நாளும் பால் அம்மனுடையது. நாம் வாய் வைத்தால் எச்சில் பாலைத்தான் அவள் தலையில் ஊற்றுகிறோம் என்பார்கள்.

நேர்ந்துகொண்ட மறுநாளே கம்பெனியில் கூப்பிட்டார்கள். தெசலோனிக்கிக் கப்பல் பட்டறைக்கு அனுப்பிய பம்புகளைப் பொருத்த உடனே நாற்பது நாள் போகவேண்டும், வேறு ஆள் இல்லை என்றார்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள்தான் விடவில்லை. டாக்டர் ஆறு மாதத்துக்குப் பயமில்லை என்று சொல்லியிருந்தார். "எத்தினி நாளு அம்பத்தூர் கதையே கேக்கறது? போயி வேற ஊர்க் கதை எட்தாய்யா" என்றாள். படுத்த இடத்திலிருந்தே சொல்லிச் சொல்லி அவல், பொட்டுக்கடலை, ஊறுகாய் எல்லாம் பையில் வைக்கச் செய்தாள்.

விமானத்தில் கொடுத்ததெல்லாம் வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி. பம்பாயிலிருந்து அவலை மென்றுகொண்டே போனேன். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர் என்னைக் குதிரை என்று நினைத்திருப்பார். நாற்பது கிலோ இளைத்துத்தான் இறங்கினேன். சரி, ஒரு கிலோ. இனி இந்தச் சீமையில் நாற்பது நாள் எதைத் தின்று உயிரோடு இருப்பேன், விரதம் போனால் அவள் என்ன ஆவாள் என்று பையில் மிச்சமிருந்த அவலைத் தடவிப் பார்த்தேன்.

நான் இறங்கியது ஒரு திங்கட்கிழமை. ஊரே வெளியில் உட்கார்ந்து காற்றாடி விட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் பட்டறை கேண்டீனில் எலேனி என்று ஒரு சமையல்காரம்மா. நான் கையைக் காலை ஆட்டி, மாடு மாதிரி கத்தி, இரண்டு விரலால் கறந்துகாட்டி, வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த அம்மா சிரித்துவிட்டு எள் தூவிய தட்டை ரொட்டியும், தக்காளியில் வெந்த மொச்சை மாதிரி பெரிய பருப்பும், திராட்சை இலையில் சுருட்டி வேகவைத்த சோறும் வைத்தார்கள். ரொட்டியைக் காட்டிக் கறந்துகாட்டினேன். இல்லை என்றார்கள். பருப்பைக் காட்டினேன். இல்லை. சுற்றிலும் இருநூறு பேர் தட்டிலும் அதே சாப்பாடு. திருவேற்காட்டுக்காரி எனக்கு முன்னால் வந்து சொல்லிவைத்துவிட்டாள் என்று நினைத்து அங்கேயே கண் கலங்கிவிட்டேன்.

இங்கிலீஷ் தெரிந்த இன்ஜினியர் ஒருவர் பிறகு விளக்கினார். ஈஸ்டர் என்ற அவர்களுடைய பெரிய பண்டிகைக்கு முன்னால் நாற்பத்தெட்டு நாள் விரதமாம். கறி, மீன், முட்டை, பால் கிடையாது. அது ஆரம்பித்த நாளில்தான் நான் போய் இறங்கியிருக்கிறேன். ஆக, அவர்கள் நிறுத்தியது அவர்கள் சாமிக்காக. ஆனால் நாள் கணக்கு எனக்கும் அவர்களுக்கும் ஒன்றாக இருந்தால் நான் என்ன செய்ய?

ஒரே ஒருநாள் தப்ப இருந்தேன். புளித்த காடியில் ஊறிய கத்தரிக்காய் என்று நினைத்து ஒரு துண்டை வாய்வரை கொண்டுபோனேன். அதில் சட்டைப் பொத்தான் மாதிரி வரிசையாக வட்டங்கள். கடலில் இருக்கிற எட்டுக்கால் பிராணி. இரத்தம் இல்லாததால் விரதத்துக்கு ஆகும் என்பது அவர்கள் கணக்கு. நான் தட்டைத் தள்ளியதும் எலேனி காரணம் கேட்டார்கள். தாட்சாயிணியின் போட்டோவைக் காட்டினேன். அதற்குப் பிறகு என் தட்டில் என்ன விழுகிறது என்று அந்த அம்மாவே நின்று பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் "தாக்சா" என்று சொல்லி மெழுகுவத்தி ஏற்றினார்களாம். முழுப் பெயர் வாயில் நுழையவில்லை.

என் விரதத்தின் முப்பத்தேழாம் நாள் தந்தி வந்தது. இன்ஜினியர் படித்துவிட்டு என்னிடம் கொடுக்காமல் மடித்து வைத்துக்கொண்டார். எலேனிதான் என் கையைப் பிடித்தார்கள்.

நான் நெமிலிச்சேரி வந்து சேர நாலு நாள் ஆயிற்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கோதண்டமே கொள்ளி வைத்துவிட்டிருந்தார். அவள் படுத்த கட்டில் இல்லை, பாய் இல்லை. அந்த இடத்தில் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள்.

கோதண்டத்தின் மனைவி முத்தம்மாள் காபி கொண்டுவந்தாள். நான் டம்ளரைத் தள்ளி வைத்தேன். இன்னும் ஏழு நாள் இருக்கிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. உடம்பு அப்படிப் பழகியிருந்தது.

கோதண்டம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "யாருக்குய்யா இன்னும் ஏழு நாளு? அவளே பூட்டா" என்றார். பிறகு, "அங்க இன்னா துன்ன நீ?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். ரொட்டி, பருப்பு, இலைச்சோறு என்று மூன்று வார்த்தை. என் நாக்குக்கு அது தெரியாதே. "ஊரே பாலை நிறுத்திடுச்சு மச்சான், நம்ம தாட்சாயிணிக்கோசரம்" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டு, அவர்கள் பண்டிகை விரதம் என்று உள்ளதைச் சொன்னேன். என் வாயில் இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்டிருக்கும்.

"எழவு ஊட்லயுமா உன் கதை?" என்றார். "நம்ம தெருவுலயும் வேதக்காரங்க கீறாங்க. நோம்பு நாள்ல டீ குடிக்காதவன் ஒருத்தன காட்டு. வாயக் கட்ட முடியலன்னு சொல்லிட்டுப் போ. நீ பால் குட்ச்ச, அவ பூட்டா."

நாற்பது இட்லி தின்றேன், ரயிலை நிறுத்தினேன் என்று சொன்னவனுக்காக யார் பேசுவார்கள்?

அதோடு என்னை மச்சான் என்று கூப்பிடுவதை விட்டார். குமணன்சாவடியில் ஒரு கல்யாணத்தில் நான் உட்கார்ந்த பந்தியிலிருந்து இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அதைவிட மோசம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ரொட்டியின் மேலே பளபளவென்று தடவியிருந்தது எண்ணெய்தானா? எலேனி நான் கேட்டதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்களா? ஒரு துளி வெண்ணெய் எங்காவது உள்ளே போயிருந்தால்? ரிட்டையர் ஆன பிறகு இதை நினைக்க நேரமும் நிறையக் கிடைத்தது.

1996இல் ஆவடி குவார்ட்டர்ஸுக்குச் சாராம்மா என்று கோட்டயத்துக்காரம்மா ஒருத்தர் குடிவந்தார். மாசியில் ஒருநாள் கோதண்டத்திடம், இனி ஐம்பது நாளைக்குப் பால் வேண்டாம், ஈஸ்டருக்குப் பிறகு ஊற்றினால் போதும் என்று சொல்லியிருக்கிறார். பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டார்கள் என்று இவருக்குக் கோபம். பதினைந்து நாள் அந்த வீட்டு வாசலை வேவு பார்த்திருக்கிறார். பாக்கெட் இல்லை. குப்பையில் முட்டைத்தோடு இல்லை. ஒருநாள் கேட்டே விட்டார். எங்கள் சபையில் இதுதான் நோன்பு, பால் சேர்ந்த எதுவும் ஆகாது என்றாராம் சாராம்மா. சாராம்மாவைப் பார்க்க வந்திருந்த அவருடைய அண்ணன் ஒரு பாதிரியார். கோதண்டம் அவரிடம் கிரேக்க தேசத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அங்கேயும் இதே நோன்புதான், பால் தொடமாட்டார்கள் என்றாராம் அவர்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, காலி கேன் தொங்கும் சைக்கிளை என் வாசலில் நிறுத்தினார். ஏழு வருஷத்தில் முதல் தடவை. உள்ளே வந்து, தாட்சாயிணியின் கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தார். குவார்ட்டர்ஸ் விஷயத்தையெல்லாம் குனிந்தபடியே சொல்லி முடித்தார்.

"அங்க இன்னா துன்ன, சொல்லு" என்றார்.

சொன்னேன். ரொட்டி, பருப்பு, இலைச்சோறு, கீரை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சின்னதாக நான் எதையும் சொன்னதில்லை.

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டே இருந்தது.

"ஏழு வருசமா எல்லாத்தையும் உம்மேல போட்டுகினு கீறேன் மச்சான். நீதான் கெடுத்தன்னு சொல்லிகினா எனக்குச் சோறு எறங்கும். நீயும் ஒழுங்கா இருந்துகீற, அம்மனும் அங்கயே கீறா. அப்ப எந் தங்கச்சி எதுக்குத்தான் போனா?"

அவர் கட்டில் இருந்த தரையைத் தடவினார்.

"நடந்துதான் கீது" என்றார். "அந்த ஊரு பாலை நிறுத்தித்தான் கீது. நீயும் தொடல."