திருப்பி மாட்டிய இன்ஜின்

என் தம்பிக்கு வீராப்பு அதிகம். இடது மணிக்கட்டில் நரம்பு அறுந்து, தையல் போட்டு, கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததிலிருந்து யாரிடமும் ஒரு உதவி கேட்டதில்லை. ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவான். கிட்டப் போனால் முறைப்பான். ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல் செருப்பு வாரை மாட்டிவிடக் குனிந்தாள். செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கிப் போனான். அம்மா அந்த ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

அவன் டர்ட் பைக் ஓட்டுகிறவன். சாலையில் போகிற பைக் இல்லை. மண்மேட்டில் ஏறி, அந்தரத்தில் தாவி, சேற்றில் விழுகிற பைக். ஊருக்கு வெளியே கைவிட்ட மண் குவாரிதான் அவர்களுடைய மைதானம். அங்கே அவனுக்கு வெட்டுக்கிளி என்று பெயர். அங்கே விழுந்துதான் கையைக் கெடுத்துக்கொண்டான். இப்போது அந்தக் கை ஒரு கைப்பிடியைப் பற்றும், பற்றினால் பற்றியபடி இருக்கும். ஆனால் கிளட்சை இழுத்து விட, இழுத்து விட அதற்கு வலு கிடையாது. டாக்டர் அதைச் சொன்ன வாரமே இன்ஜினைக் கழற்றி இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டான். இன்ஜின் இல்லாத வண்டிக் கூடு மட்டும் எங்கள் பட்டறைச் சுவரில் கொக்கியில் தொங்கியது.

பட்டறை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பொது. அவர் லேத்தில் கடைசல் பிடிப்பார். நான் கேட், ஜன்னல் கிரில் எல்லாம் வெல்டிங் வைக்கிறவள். தம்பி தினமும் வருவான், முக்காலியில் உட்காருவான், அந்தக் கூட்டைப் பார்ப்பான், எழுந்து போவான். ஒரு வார்த்தை பேசமாட்டான். அவன் மறுபடி அதில் ஏறி உட்கார வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"ஏங்க, கிளட்சே இல்லாத இன்ஜின் வச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் லேத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கம்மா வண்டியா?"

அம்மாவிடம் ஒரு ஆதிகாலத்து வண்டி இருக்கிறது. கியர் கிடையாது, கிளட்ச் லீவர் கிடையாது. முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். டூ-ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும், தெரு முழுக்கப் புகையும். ஆனாலும் உதைத்தால் உடனே கிளம்பும். அம்மாவிடம் போய்க் கேட்டதற்கு ஆடித் தீர்த்துவிட்டாள்.

"அவன் கையை ஒடச்சுக்கிட்டது போதாதாடி? இப்ப கழுத்தையும் ஒடச்சுக்கணுமா?"

"இப்ப மட்டும் என்ன உயிரோடவா இருக்கான்? நீயே சொல்லும்மா."

அம்மா விருட்டென்று எழுந்தாள். உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். "எதாவது ஆச்சு, உன்ன சும்மா விடமாட்டேன், ஆமா," என்றாள்.

தம்பிக்கு விஷயம் தெரிந்ததும் உதட்டைப் பிதுக்கினான். "அம்மா காய்கறி வாங்கப் போற வண்டி. அதை இதுல வைக்கப் போறீங்க. நல்லா இருக்கு." அவ்வளவுதான் சொன்னான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வேலை ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பெரிய கூட்டுக்குள் இந்த இன்ஜின், அண்டாவுக்குள் எலுமிச்சம்பழம் போட்ட மாதிரி இருந்தது. அட்டையில் அளவு வெட்டிப் பார்த்து, இரும்புத் தகட்டில் தாங்கிகள் செய்து, பிடித்து வைத்து ஒட்டினேன். அதற்குப் பிறகு செயின் மாட்டப் போனால், சனியன், சக்கரத்தின் பல்சக்கரம் இடது பக்கம், இன்ஜினுடையது வலது பக்கம்.

நான் தலையில் கை வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மீசையைத் தடவினார். "இதுக்குப் போயி மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறியே! இன்ஜினத் திருப்பி வச்சாப் போச்சு. வலது இடதாயிடும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தாங்கிகளை அறுத்து, இன்ஜினை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி, மறுபடி ஒட்டினேன். செயின் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. சைலன்சர் வாய்கூட தானாகப் பின்பக்கம் அமைந்தது. "பாத்தியா, இந்தக் கூட்டுக்குன்னே பொறந்த இன்ஜின்," என்றார் அவர். கிக்கரை மட்டும் முன்னால் பார்த்து உதைக்க வேண்டியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒன்றும் விநோதமாகப் படவில்லை. அத்தனை சந்தோஷம்.

ஓட்டிப் பார்க்கத் தம்பியைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றான், பிறகு வந்தான். ஏறி உட்கார்ந்தான். அவன் இடது கை கைப்பிடியை மெல்லச் சுற்றிப் பிடித்தது. என் வீட்டுக்காரர் ஓங்கி ஓர் உதை விட்டார். இன்ஜின் படபடவென்று கிளம்பியது. பட்டறை முழுக்கப் புகை.

"மெதுவா முறுக்குடா," என்றேன்.

முறுக்கினான். வண்டி பின்னால் போனது.

போனது என்றால், சரேலென்று போனது. பின்னால் கழிவுத் தகடுகள் போட்டு வைத்த பீப்பாயில் போய் மோதி, பீப்பாய் உருண்டு, தகடுகள் எல்லாம் தடதடவென்று சரிந்து, அதற்கு நடுவே இவன் வண்டியை விடாமல் உட்கார்ந்திருந்தான். இன்ஜின் அணைந்தது. என் வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்ஜினைத் திருப்பினால் அது சுற்றுகிற திசையும் திரும்பும் என்று எங்களில் ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா?

"ஏன் மாமா, இத்தனை வருஷமா லேத்துல எதைத்தான் சுத்துனீங்க?" என்று தம்பி கத்தினான். "சக்கரம் எந்தப் பக்கம் சுத்தும்னு பாக்கத் தெரியாதா? நீ என்னக்கா பண்ணிட்டு இருந்தே? ரெண்டு பேரும் சேர்ந்து ரிவர்ஸ் வண்டி செஞ்சிருக்கீங்க! உலகத்துல எவனாவது பின்பக்கமா மேடு ஏறுவானா?"

"அவசரத்துல கவனிக்கல மாப்ள," என்று அசடு வழிந்தார் அவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதே இல்லை. அவன் திட்டத் திட்ட எனக்குக் காதில் தேன் வந்து பாய்ந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணிலும் முட்டிக்கொண்டு வந்தது. "சரிடா, நாங்க முட்டாளுங்கதான். இப்ப என்ன செய்யணும், நீயே சொல்லு," என்றேன்.

அவன் இறங்கி இன்ஜின் பக்கத்தில் குந்தினான். "கழட்ட வேண்டாம்," என்றான். "டூ-ஸ்ட்ரோக்குக்கு வால்வு கிடையாது. இந்தப் பக்கம் சுத்தினாலும் ஒண்ணுதான், அந்தப் பக்கம் சுத்தினாலும் ஒண்ணுதான். பொறி விழற நேரத்தை மாத்தி வச்சா எதிர்ப்பக்கம் ஓடும். ஸ்பேனர் எங்கே?"

எடுத்துக் கொடுக்க நான் நகர்ந்தேன். "நானே எடுத்துக்கறேன்," என்றான். மூடியைக் கழற்ற இடது கையைக் குறடு மாதிரி வைத்துக்கொண்டு வலது கையால் திருகினான். போல்ட் நழுவி நழுவி விழுந்தது. நான் பிடிக்கப் போனபோது, "தொடாதே," என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பொறி விழும் நேரத்தை மாற்றுகிற உள்தகட்டைக் கொஞ்சம் திருப்பி வைப்பதும், சரிபார்ப்பதும், மறுபடி திருப்புவதுமாக அன்று முழுக்க அதிலேயே கிடந்தான்.

இன்ஜின் எதிர்ப்பக்கம் ஓடத் தயாரானது. கிக்கர்தான் உதவாமல் போனது, அது பழைய திசையில்தானே சுற்றும்? என் வீட்டுக்காரர் பிராயச்சித்தமாக ஒரு சின்னக் கப்பி கடைந்து இன்ஜின் தண்டின் முனையில் மாட்டினார். அதில் கயிறு சுற்றி வெடுக்கென்று இழுத்தால் கிளம்பும். தம்பி வண்டியை ஒரு மரப்பெட்டியின் மேல் ஏற்றி வைத்து, பல்லில் கயிற்றின் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் சுற்றப் பழகினான். பெட்டி இல்லாவிட்டால் முடியாது. இழுக்கிற இழுப்பில் வண்டி சாய்ந்துவிடும், இடது கையால் அதைத் தாங்க முடியாது.

"மைதானத்துல நடுவழியில நின்னுட்டா?" என்று கேட்டேன்.

"நிக்காது," என்றான்.

குவாரிக்குப் போன அன்று பெட்டியையும் எடுத்துக்கொண்டோம். அங்கே இருந்த பையன்கள் இன்ஜினைப் பார்த்துவிட்டு, "வெட்டுக்கிளி அண்ணே, இதுல எங்க போறீங்க, மார்க்கெட்டுக்கா?" என்று சிரித்தார்கள். அவன் வண்டியைப் பெட்டியருகே தள்ளிப் போனான். பெட்டிமேல் வைத்து இழுத்தான், கிளம்பியது. கயிற்றை என்னிடம் வீசினான்.

"அக்கா, வேலிக்கு இந்தப் பக்கமே இரு. என்ன ஆனாலும் உள்ள வரக் கூடாது. வந்தே, இதோட வண்டியை விட்டுடுவேன்."

"சரிடா சாமி. போ."

முதல் சுற்று மெதுவாகப் போனான். இரண்டாவது சுற்றில் சின்ன மேட்டில் தாவினான். சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. என் வீட்டுக்காரர் விசிலடித்தார், நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அப்புறம் பெரிய மேடு. ஏறினான், உச்சியில் தெரிந்தான், அந்தப் பக்கம் மறைந்தான். மண்ணில் தொப்பென்று இறங்குகிற சத்தம் கேட்டது. அதோடு இன்ஜின் சத்தம் நின்றது.

வேலியைத் தாண்டக் காலைத் தூக்கினேன். "போகாதே. சொல்லியிருக்கான்ல?" என்று அவர் தோளைப் பிடித்தார். இரண்டு பையன்கள் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"விழலக்கா. அதிர்ச்சியில இன்ஜின் அணைஞ்சுடுச்சு. கிட்ட வராதேன்னு வெரட்டுறாரு."

விழவில்லை. அது போதும். ஆனால் நிம்மதி வரவில்லை. பெட்டியும் கயிறும் இந்தப் பக்கம் இருந்தன. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறப் பார்ப்பது எட்டிப் பார்த்தால் தெரிந்தது. முதலில் தலை தெரியும், பிறகு தோள், பிறகு சறுக்கிக் கீழே போய்விடும். மறுபடி தலை, மறுபடி சறுக்கல். கடைசியில் தலையும் தெரியவில்லை. இனி அந்த வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்து வந்துவிடுவான், வந்து மறுபடி அந்த முக்காலியில் உட்காருவான் என்று எனக்குத் தோன்றியது. பாழாய்ப்போன வீராப்பு, நாசமாய்ப் போக என்று வாய்விட்டே திட்டினேன்.

"அக்கா!"

மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான்.

"அக்கா! கயித்த எடுத்துட்டு வா!"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு சேற்றில் போயிற்று. மேட்டில் தவழ்ந்து ஏறி, அந்தப் பக்கம் சறுக்கி இறங்கினேன். அவன் வண்டியில் உட்கார்ந்திருந்தான், தலை முதல் கால் வரை மண். முகத்தில் மட்டும் இரண்டு கோடு சுத்தமாக இருந்தது. நான் பார்க்காத மாதிரி குனிந்து கயிற்றைச் சுற்றினேன்.

"நான் பிடிச்சுக்கறேன், நீ இழு," என்றான்.

இழுத்தேன், கிளம்பவில்லை. மறுபடி சுற்றினேன். இந்தத் தடவை பலம் முழுவதையும் போட்டு இழுத்ததில் நானே பின்னால் உட்கார்ந்துவிட்டேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது, என் மூஞ்சியிலேயே புகையைக் கக்கியது.

"போதும்டா, வீட்டுக்குப் போலாம்," என்றேன்.

"வீட்டுக்கா?" அவன் என்னைப் பார்த்தான். "நீ இங்கேயே இரு அக்கா. அடுத்த சுத்துலயும் இங்கதான் நிக்கும்."

முறுக்கினான். வண்டி முன்னால் போனது. நான் கணுக்கால் வரை சேற்றில், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, அவன் சுற்றி வருகிற வரை அங்கேயே நின்றேன்.