முதலில் நுழைய வேண்டிய உப்பு

வீடு மாறுகிறவளுக்குப் புத்தி சொல்ல பானி ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. கட்டிலின் மரையாணிகளைத் தனியாகக் கட்டி வை, கண்ணாடியைப் போர்வையில் சுற்று, பல்பைக் கழற்றாமல் வந்துவிடாதே என்று தெருவே வந்து பாடம் நடத்தும். நெரெய்தா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் மனசெல்லாம் ஒரே ஒரு அட்டைப்பெட்டியின் மேல்தான் இருந்தது.

அதில் அரிசி, சர்க்கரை, காப்பித்தூள், ஒரு புட்டி தண்ணீர், ரெக்லா மாதா படம், பிறகு சலினாஸ் உப்பளத்துக்கே போய் வாங்கி வந்த கல்லுப்பு. மற்றச் சாமான்கள் எது முந்தினாலும் பிந்தினாலும் ஒன்றுமில்லை. இந்தப் பெட்டி மட்டும் வாசற்படியை முதலில் தாண்ட வேண்டும், அதுவும் வீட்டுக்காரியின் கையால். எவள் கை உப்பு முதலில் நுழைகிறதோ அவள்தான் அந்த வீட்டுக்கு எஜமானி. பத்திர ஆபீசில் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பானிப் பெண்கள் பத்திர ஆபீசை ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

துடைப்பம் புதியதாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. பழையதை எடுத்துப் போனால் பழைய பீடையும் கூடவே வண்டி ஏறும். நெரெய்தா புதுத் துடைப்பம் வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பெட்டியோடு சேர்த்துக் கட்டி வைத்தாள்.

ஐம்பத்து நான்கு வயதில் அவளுக்கு முதல் சொந்த வீடு. நியூயார்க்கில் இருக்கும் தம்பி ஃபாவுஸ்தோ அனுப்பிய பணத்தில், ஊருக்கு வெளியே மேட்டில் எழும்பியது. பணம் அவனுடையது, மீதி எல்லாம் அவள். அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க மலமூத்திரம் அள்ளியவள் அவள். அம்மா போன பிறகு, "இனிமே நீ வாடகைக்கு இருக்கக் கூடாதுக்கா, இது உனக்குத்தான்" என்று தம்பி சொன்னான். பால் இனிப்பு கிளறி விற்ற கையோடு மேடேறிப் போய்க் கொத்தனார்களை மேய்த்தாள். கான்கிரீட் கூரை போட்ட அன்று, வேலையாட்களுக்கெல்லாம் அண்டா நிறைய சான்கோச்சோ காய்ச்சி ஊற்றினாள். அத்தனை கறியும் கிழங்கும் போட்டுக் குழம்பு வைக்காவிட்டால் கூரை விரிசல் விடும் என்பார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், தங்கை யொகாஸ்தா உதவிக்கு வந்தாள். அம்மாவின் பீங்கான் கோப்பைகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றினாள். சுற்றும்போதே பழைய கதையை எடுத்தாள்.

"கிளோத்தில்தே அத்தை வந்து டேரா போட்டது ஞாபகம் இருக்காக்கா?"

"மறக்குமா? பெரிய துண்டெல்லாம் அவளுக்கு, எலும்பு நமக்கு."

"தொடப்பத்தைத் தலைகீழா கதவுக்குப் பின்னாடி வெச்சோமே. அவ மூட்டையில இருந்தே உப்பைத் திருடி மேல தூவினது நீதான்."

"அம்மா சொல்லிக் குடுத்தது. வந்தவளோட உப்பாவே இருந்தா அவ சீக்கிரம் கெளம்புவான்னு. அன்னிக்கு சாயங்காலமே பஸ் ஏறினாளே மகராசி."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். போகும்போது யொகாஸ்தா கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "பல்லு வலி உயிரை எடுக்குதுக்கா. வாய் கொப்பளிக்க ஒரு பிடி உப்பு குடேன்."

கையிலிருந்து கைக்கு உப்புக் கொடுத்தால் சண்டை வரும். அதனால் நெரெய்தா பெட்டியைத் திறந்து, ஒரு பிடி கல்லுப்பை மேசைமேல் வைத்தாள். தங்கை அதைத் தாளில் மடித்து எடுத்துப் போனாள்.

மறுநாள் காலை துலியோவின் சின்ன லாரியில் சாமான் ஏறியது. கடைசி நாற்காலி ஏறுவதற்குள், அடுத்துக் குடிவரும் குடும்பம் மெத்தையோடு வாசலில் நின்றது. சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, நெரெய்தா முன் சீட்டில் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பின்னாடி வைங்கம்மா, மடி நோகும்" என்றான் துலியோ.

"நீ ரோட்டப் பாரு."

"பெத்த புள்ளய கூட எவளும் இப்படிப் பிடிச்சுப் பாத்ததில்ல நான்."

மேடேறி லாரி நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து காப்பி மணம் வந்தது. கொத்தனார் எவனோ மிச்ச வேலைக்கு வந்திருக்கிறான் என்றுதான் அந்தப் பைத்தியக்காரி முதலில் நினைத்தாள். பெட்டியோடு படியேறினாள். சமையல் அலமாரியில் அரிசி டப்பா, சர்க்கரை டப்பா, உப்பு டப்பா வரிசையாக இருந்தன. அடுப்பு முன்னால் யொகாஸ்தா நின்றாள். கூடத்தில் அவள் புருஷன் எல்பீதியோ, பனியனோடு டொமினோ கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன், அவசரமாகக் குனிந்து செருப்பைத் தேடினான்.

"நீ இங்க என்னடி பண்ற?"

"முந்தாநாளே வந்துட்டோம்க்கா" என்றாள் யொகாஸ்தா, காப்பியைப் பார்த்தபடி. "சொல்லணும்னுதான் நேத்து வந்தேன். வாய் வரல."

வாய் வரவில்லையாம். கோப்பை சுற்றும்போது ஊர்க்கதை அத்தனையும் வந்த வாய்.

நெரெய்தா பெட்டியைக் கீழே வைக்கவில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டே தம்பிக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா, உனக்குத்தான் வேண்டாமாமே?" என்றான் ஃபாவுஸ்தோ. பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். "மேடு ஏற முட்டி தாங்கல, பழைய தெருவை விட்டு வர மாட்டேன்னு நீ அழுததா யொகாஸ்தா சொன்னா. வீடு சும்மா பூட்டிக் கெடக்க வேண்டாமேன்னு கொத்தனார்கிட்ட இருந்த சாவிய அவளுக்குக் குடுக்கச் சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீதான் சொல்ல சங்கடப்படுறேன்னாளே. இப்ப வேலையில இருக்கேன்க்கா. ரெண்டு பேரும் பொறுமையா பேசிக்குங்க."

அங்கே பனியில் நிற்பவனுக்கு இங்கே தீ எரிவது சுடவா போகிறது? போனை வைத்துவிட்டான்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, யொகாஸ்தா அழ ஆரம்பித்தாள். எல்பீதியோவுக்கு வேலை போய்விட்டது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அக்காவுக்கு ஒற்றை உசிரு, எங்கேயும் சமாளிப்பாள் என்று அடுக்கினாள். பிறகு நெரெய்தாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"நீ எங்கயும் போக வேணாம்க்கா. பின்னாடி ரூம் காலியாத்தான் இருக்கு. நீயும் இரு. இது உன் வீடு மாதிரி."

மாதிரி. கொத்தனாருக்குத் தண்ணீர் சுமந்த தோளைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னாள். நெரெய்தா அந்தக் கையை உதறப் போனாள். ஆனால் கூடப் பிறந்தவள் அழுகிறாள். வாடகை வீட்டில் இந்நேரம் வேறு யாரோ கட்டில் போட்டிருப்பார்கள். லாரிக்காரன் வெயிலில் நிற்கிறான். சரி, பின் அறையில் இருந்துவிடலாம், அம்மா இருந்தால் அப்படித்தான் சொல்வாள், ரத்தம் ரத்தம்தான் என்று மனசு இளகியது. அப்படியே இளகி இளகித்தான் அவள் வாழ்க்கை முழுவதும் வடிந்துபோயிருந்தது.

"சரி, விடு. அழாத" என்றாள்.

கொண்டுவந்த துடைப்பத்தையாவது அதன் இடத்தில் வைப்போம் என்று வாசற்கதவை இழுத்தாள்.

கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு துடைப்பம் நின்றது. கைப்பிடி தரையில், ஈர்க்கு மேலே. ஈர்க்குகளுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ செருகிக்கிடந்தது. நெரெய்தா விரலால் எடுத்துப் பார்த்தாள். கல்லுப்பு. இங்கே அலமாரி டப்பாவில் இருப்பது கடையில் விற்கும் தூளுப்பு. இந்தப் பருமன் கல் சலினாஸில் மட்டும்தான் கிடைக்கும்.

வந்தவளோட உப்பாவே இருந்தா அவ சீக்கிரம் கெளம்புவா.

அப்படியென்றால் நேற்று சிரித்தது, கன்னத்தைப் பிடித்தது, உப்பைத் தாளில் மடித்தது எல்லாமே இதற்குத்தான். பின் அறை காலியாக இருக்கிறது என்ற வாயும், அதை நிரப்பவிடாமல் துடைப்பத்தைத் திருப்பி வைத்த கையும் ஒருத்தியுடையவை. வீட்டைப் பிடுங்கியதைக்கூட அவள் பசி என்று மன்னித்திருக்கலாம். கிளோத்தில்தே அத்தைக்குச் செய்ததைத் தனக்குச் செய்துவிட்டாளே என்பதைத்தான் நெரெய்தாவால் தாங்க முடியவில்லை.

"யொகாஸ்தா" என்று கூப்பிட்டாள். "பல்வலி எப்படி இருக்கு?"

"இப்ப பரவால்லக்கா" என்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தவள், அக்காவின் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

நெரெய்தா அந்தத் துடைப்பத்தை வெளியே எடுத்துக்கொண்டு வந்தாள். படியில் இரண்டு தட்டுத் தட்டி, உப்பு முழுவதையும் வெயிலில் உதிர்த்தாள். பிறகு நேராக நிமிர்த்தித் தங்கையின் கையில் திணித்தாள்.

"விருந்தாளியத்தான்டி இது வெரட்டும். நான் விருந்தாளி இல்ல." லாரிப் பக்கம் திரும்பினாள். "துலியோ, எல்லாத்தையும் எறக்கு. என் கட்டில் முன் ரூம்ல."

"முன் ரூம்ல எங்க கட்டில் கெடக்கே" என்றான் எல்பீதியோ, ஒரு கால் செருப்போடு.

"பின் ரூம் காலியாத்தான் இருக்காம். உன் பொண்டாட்டி சொன்னா."

துலியோ கயிற்றை அவிழ்த்தான். எல்பீதியோ பெண்டாட்டியைப் பார்த்தான்; அவள் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனே போய்த் தன் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினான்.

சாமான் எல்லாம் இறங்கிய பிறகு, நெரெய்தா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அம்மாவின் கோப்பைகளைப் பிரித்தாள். மேடும் பள்ளமுமான பாதை. எப்படியும் இரண்டு மூன்று உடைந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். தாளைப் பிரித்தால் உள்ளே இன்னொரு தாள், அதற்குள் துணி, கைப்பிடிக்குத் தனியாகப் பஞ்சு. ஒன்றுகூடக் கீறல் விடவில்லை. அவ்வளவு பத்திரமாகச் சுற்றியிருந்தாள் தங்கை.

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. கடைசிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பின் அறைக்குக் கேட்காதபடி அழுதாள்.